கரை நெருங்கையில் வலுக்கும் சூறாவளி

மெக்ஸிகோ தேசத்தின் பசிபிக் கரையிலே, பின்னால் மலைத்தொடரும் முன்னால் பிறை வடிவான விரிகுடாவும் அமைந்த அகபுல்கோ நகரத்தில், 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி திங்கட்கிழமை இரவு உறங்கச் சென்ற ஏறத்தாழ எட்டு லட்சம் ஜனங்களுக்கு, வானிலை அறிவிப்புகளின் மூலம் தெரிந்திருந்த விஷயம் இவ்வளவுதான்: தெற்கே கடலில் 'ஓட்டிஸ்' என்று பெயரிடப்பட்ட புயல் ஒன்று இருக்கிறது, அது மெதுவாக வடக்கு நோக்கி நகர்ந்து வந்து பெருமழையும் பலத்த காற்றும் தரக்கூடும். மறுநாள் அதிகாலையிலிருந்து, அது சூறாவளியாக மாறலாம் என்று எச்சரிக்கை திருத்தப்பட்டது. அன்று பிற்பகல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வு விமானம் ஒன்று அந்தப் புயலுக்குள்ளேயே புகுந்து அளந்து பார்த்தபோதுதான், கணிப்புகள் யாவற்றையும் மீறி அது பயங்கர ரூபம் எடுத்துவிட்டிருப்பது வெளிப்பட்டது. நள்ளிரவு கடந்து ஒருமணி நேரம் ஆவதற்குள், மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றோடு, சூறாவளிகளின் உக்கிரத்தை வரிசைப்படுத்தும் அளவுகோலின் உச்சப்படியாகிய ஐந்தாம் படியிலே, ஓட்டிஸ் அகபுல்கோவுக்கு அருகில் கரையேறியது.

ஐந்தாம் படிச் சூறாவளி எதுவும் அதற்கு முன்பு மெக்ஸிகோவின் பசிபிக் கரையில் ஏறியதாகப் பதிவு இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் அதன் காற்றின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கூடியிருந்தது. சுரங்கத் தொழில் மாநாடு ஒன்றுக்காக வந்து கடற்கரை ஹோட்டல்களில் தங்கியிருந்தவர்கள், கண்ணாடிச் சுவர்கள் வெடித்துச் சிதற, குளியலறைகளிலும் மாடிப்படிகளின் அடியிலும் பதுங்கி உயிர் தப்பினார்கள். விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த உல்லாசப் படகுகளைக் காப்பதற்காக அவற்றிலேயே இருந்துவிட்ட மாலுமிகளின் கதி வேறு. அந்நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் மாண்டவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் தனி. அந்தப் படகுக்காரர்கள் அசட்டையினால் கடலில் தங்கியவர்கள் அல்லர். இதற்கு முன் பார்த்த புயல்களைப் போன்ற ஒரு புயலுக்கு அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள், வந்தது அதுவன்று. உண்மை நிலை தெரிந்தபோது கரைக்கு வந்து மலைப்பக்கம் போவதற்கு உரிய பகற்பொழுது அவர்களுக்கு மிஞ்சியிருக்கவில்லை.

புயலைப் பின்தொடர்வது என்று நாம் பொதுவாகச் சொல்லும் காரியத்தில் இரண்டு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. அது எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று. போய்ச் சேரும் வேளையில் எவ்வளவு வலுவோடு இருக்கும் என்பதைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. முதல் வேலையில் மனித அறிவு அடைந்திருக்கும் வெற்றி, நமது காலத்தின் விஞ்ஞான சாதனைகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். 1990-ஆம் ஆண்டுவாக்கில், மூன்று நாளுக்குப் பிறகு ஓர் அட்லாண்டிக் சூறாவளி இருக்குமிடம் எது என்று மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையம் சொன்னால், அந்தக் கணிப்பு சராசரியாக 300 மைல் வரை பிசகும். இன்றைக்கு அந்தப் பிசகு சுமார் 100 மைல் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இரண்டாவது வேலையிலோ முன்னேற்றம் வெகுகாலம் நத்தை வேகத்தில்தான் நடந்தது. சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் நம்பிக்கை தரும் அளவுக்கு வளர்ச்சி தென்படுகிறது. புயலின் பாதையை நிர்ணயிப்பது அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் வீசும் பெருங்காற்றோட்டங்கள். அவற்றைத் தொலைவிலிருந்தே அளந்துவிட முடிகிறது. புயலின் வலுவை நிர்ணயிக்கும் சங்கதிகளோ பெரும்பாலும் அதன் வயிற்றுக்குள்ளேயே, சில பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள், மேகத்தின் மறைவில் நிகழ்கின்றன. உள்ளே போய்ப் பார்க்கிறவனுக்கே அவை முழுமையாகப் புலப்படும்.

வெதுவெதுப்பான கடலின் மேற்பரப்பிலிருந்து நீராவி எழுகிறது; மேலே சென்று குளிர்ந்து மழையாகும்போது தன்னுள் அடங்கியிருந்த உஷ்ணத்தை வெளியே விடுகிறது; அந்த உஷ்ணத்தினால் நடுவிலுள்ள காற்று மேலும் லேசாகி, அழுத்தம் குறைந்து, சுற்றுப்புறத்துக் காற்றை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கிறது. இந்தச் சக்கரம் சுழலுவதற்குக் கடல்நீரின் வெப்பம் குறைந்தபட்சம் 26.5 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. அந்த வெப்பம் மேல்தோலோடு நின்றுவிடாமல் ஆழமாகவும் இறங்கியிருந்தால், புயல் எவ்வளவு கடைந்தாலும் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவதில்லை, ஆகாரம் குறைவதில்லை. 2005-ஆம் ஆண்டில் கத்ரீனாவும் ரீட்டாவும் மெக்ஸிகோ வளைகுடாவில் ஐந்தாம் படிக்கு ஏறியது, கரீபியன் கடலிலிருந்து அங்கே வந்து வளைந்து திரும்பும் ஆழமான வெந்நீர் ஓட்டத்தின் மேல் அவை கடந்துபோன சமயத்தில்தான். கீழே ஒரு திசையிலும் மேலே வேறொரு திசையிலுமாகக் காற்று அடித்தால் புயலின் தூண் சாய்ந்துபோகும். அந்தத் தடையும் இல்லாதபோது, இருபத்துநான்கு மணி நேரத்தில் காற்றின் வேகம் 55 கிலோமீட்டருக்குக் குறையாமல் கூடிவிடுவதுண்டு. இதைத்தான் வானிலை சாஸ்திரிகள் 'அதிவேகமாக வலுத்தல்' என்கிறார்கள். ஓட்டிஸ் அந்த வரம்பைப்போல் மூன்று மடங்கு தாண்டியது. நடுக்கடலில் இது நிகழ்ந்தால் கப்பல்களுக்கு மட்டுமே ஆபத்து. கரைக்கு ஒருநாள் தூரத்தில் நிகழ்ந்தால், ஒரு நகரம் முழுவதும் தன் வாழ்நாளில் கண்டிராத சத்துருவைத் தூக்கக் கலக்கத்தில் எதிர்கொள்ள நேரும்.

உள்ளே நடப்பதை அறிய வேண்டும் என்ற விவேகம் பழமையானது. விமானமும் செயற்கைக்கோளும் பிறப்பதற்கு வெகு முன்னதாகவே, கியூபாத் தீவின் ஹவானா நகரத்துப் பெலன் கலாசாலையில், 1870-இல் வந்து சேர்ந்த பெனிட்டோ வின்யெஸ் என்ற ஏசுசபைப் பாதிரியார், வானத்தில் மிக உயரத்தில் இறகுபோல் நீளும் வெண்மேகங்கள் எந்தப் புள்ளியிலிருந்து விரிகின்றன என்று பார்த்து, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருக்கும் சூறாவளியின் மத்தியஸ்தானத்தைக் கணித்துச் சொல்லும் வித்தையைத் தாமே வளர்த்துக்கொண்டார். தீவு தீவாகப் பார்வையாளர்களை ஏற்படுத்தி, தந்தி மூலம் அவர்களுடைய குறிப்புகளைத் திரட்டினார். 1875 செப்டம்பர் 11-ஆம் தேதி அவர் வெளியிட்ட சூறாவளி எச்சரிக்கை சரித்திரப் பிரசித்தி பெற்றது. 1893-இல் அவர் காலமான பிறகும், அவருடைய சீடர்கள் அந்தக் கலாசாலையின் வானிலை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடர்ந்து நடத்தி வந்தார்கள்.

இனிச் சொல்லப்போகும் சம்பவம் நூற்றிருபத்தைந்து ஆண்டு பழையது. ஆயினும் இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. 1898-ஆம் ஆண்டு யுத்தத்தில் ஸ்பெயினைத் தோற்கடித்து கியூபாவைத் தன் ஆட்சிக்குக் கொண்டுவந்த அமெரிக்கா, ஹவானாவில் தன் சொந்த வானிலை அலுவலகம் ஒன்றை நிறுவியது. அமெரிக்க வானிலை இலாகாவின் தலைவராயிருந்த வில்லிஸ் மூர், உள்ளூர்க் கணிப்பாளர்களை மதித்தவரல்லர். அவர்கள் ஜனங்களை வீணாகக் கலவரப்படுத்துகிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். 1900-ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், சூறாவளிப் பருவம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில், கியூபாக்காரர்கள் அரசாங்கத் தந்திக் கம்பிகளின் மூலம் வானிலைச் செய்திகளை அனுப்பக்கூடாது என்று தடை பிறப்பிக்க ஏற்பாடு செய்தார். சில தினங்களில் கியூபாவைக் கடந்து ஒரு புயல் போயிற்று. அது வளைகுடாவுக்குள் சென்று பலம் பெற்று டெக்சாஸ் கரையை நோக்கிப் போகிறது என்று பெலன் நிலையத்தார் கணித்தார்கள். அது வடக்கே வளைந்து ஃப்ளோரிடா வழியாக அட்லாண்டிக் கரையோரம் போய்விடும் என்று வாஷிங்டன் கணித்தது. வாஷிங்டனுடைய வார்த்தைதான் டெக்சாஸுக்குப் போயிற்று.

கால்வெஸ்டன், டெக்சாஸ் கரைக்கு அப்பால் ஒரு மணல் தீவின்மேல் எழும்பிய செல்வம் கொழித்த துறைமுகம். அத்தீவில் மிக உயர்ந்த தரையே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு. அங்கே வானிலை அதிகாரியாயிருந்த ஐஸக் கிளைன் கடமையில் சிரத்தையுள்ளவர். ஆனால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னே பத்திரிகைக் கட்டுரை ஒன்றில், இந்நகரத்தைச் சூறாவளி நாசம் செய்துவிடும் என்று அஞ்சுவதற்கு ஆதாரமில்லை என்று எழுதியவரும் அவரே. செப்டம்பர் 8-ஆம் தேதி சனிக்கிழமை, காற்று கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தும் அலைகள் எதிர்த்திசையில் ஏறி வருவதைக் கண்டு அவர் மனம் துணுக்குற்றது. அன்று மாலை பதினைந்து அடிக்கு மேல் கடல் ஏறிற்று. மாண்டவர்கள் எட்டாயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது, அதிகமாயும் இருக்கலாம். கடற்கரையிலிருந்த செயின்ட் மேரி அநாதாசிரமத்தில், கன்னிகாஸ்திரீகள் துணி உலர்த்தும் கயிற்றினால் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பத்துக் கன்னிகாஸ்திரீகளும் தொண்ணூறு குழந்தைகளும் மாண்டு, மூன்று சிறுவர் மட்டுமே பிழைத்தார்கள். கிளைனுடைய மனைவியும் அந்த இரவில் இறந்துபோனாள். ஒரு தேசத்தின் அறிவாளிகள் மற்றொரு தேசத்தின் அறிவாளிகளுடைய வாயை மூடியதனால்தான் இத்தனை உயிரும் போயிற்று என்று சொன்னால் அது மிகையாகும். எச்சரிக்கை வந்திருந்தாலும், பாலங்களைத் தவிர வேறு வழியில்லாத அத்தீவிலிருந்து எல்லாரும் வெளியேறியிருப்பார்கள் என்று யார் உறுதி கூற முடியும்? எனினும், மூன்று நாள் முன்னதாகத் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்ளும்படி ஒரு நகரத்தைச் செய்துவிட்ட அகம்பாவத்தை எந்த நியாயத்தினாலும் மன்னிக்க இயலாது.

அடுத்த பெரிய அடி எடுத்துவைக்கப்பட்டதும் அதே டெக்சாஸ் கரையில்தான். 1943 ஜூலை மாதம், உலகயுத்தத்தின் காரணமாகக் கப்பல்கள் வானொலியில் பேசாமல் மௌனம் காத்த காலம். கடலிலிருந்து செய்தி வராததால், கால்வெஸ்டன் அருகில் ஒரு சூறாவளி ஏறக்குறைய சொல்லாமலே வந்து நின்றது. 27-ஆம் தேதி, பிரயன் விமானத் தளத்தில் விமானிகளுக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்த ஜோசஃப் டக்வொர்த் என்ற அதிகாரி, ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறிய பயிற்சி விமானத்தில், ரால்ஃப் ஓஹேர் என்ற வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, சூறாவளியின் சுவரைப் பிளந்து அதன் கண்ணுக்குள் போய்த் திரும்பினார். திரும்பியதும் தளத்து வானிலை அதிகாரி தாமும் பார்க்க விரும்பவே, அவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி போனார். அன்று முதல் புயலுக்குள் விமானம் செலுத்துவது ஒரு முறையான பணியாக மலர்ந்தது. இன்று மிசிசிப்பி மாகாணத்துக் கீஸ்லர் தளத்திலிருந்து விமானப்படையின் 53-ஆவது வானிலைப் பிரிவும், 'நோவா' என்ற அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனத்தின் விமானங்களும் இவ்வேலையைச் செய்கின்றன. நான்கு எஞ்சின் விமானம், பெரும்பாலும் பத்தாயிரம் அடி உயரத்தில், சூறாவளியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் கண்ணின் ஊடாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கிறது. வழியில் சிறு பாராசூட் கட்டிய குழாய்க் கருவிகளைக் கீழே போடுகிறார்கள். அவை கடலில் விழும் வரை ஒவ்வொரு மட்டத்திலும் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் ஈரத்தையும் காற்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே இறங்குகின்றன. 1955 செப்டம்பரில் 'ஜேனட்' சூறாவளிக்குள் புகுந்த கடற்படை விமானம் ஒன்று, ஒன்பது விமானப் பணியாளர்களோடும் இரண்டு பத்திரிகைக்காரர்களோடும் திரும்பி வரவேயில்லை. அட்லாண்டிக் சூறாவளிகளில் இப்பணி கொண்ட ஒரே பலி அது. எண்பது ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்து வருகிறவர்கள் வணக்கத்துக்குரியவர்கள்.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது இவ்வளவு ஆபத்தான காரியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1960 ஏப்ரலில் முதல் வானிலைச் செயற்கைக்கோள் பறந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு புயல் பிறந்து வளர்வது பூமியில் எங்குமே சாத்தியமில்லாமற்போயிற்று; அது சாமானிய லாபமல்ல. 1970-களில் வெர்னன் டிவோராக் என்ற விஞ்ஞானி, மேகச் சுருளின் வடிவத்தையும் கண்ணின் தெளிவையும் கொண்டே காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்துத் தந்தார். உலகத்தின் பெரும்பாலான கடல்களில் இன்றைக்கும் அதுவே ஆதாரம். ஆயினும் அது மதிப்பீடுதான். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஜுரத்தின் அளவைச் சொல்லும் அனுபவசாலியான வைத்தியருடைய திறமையை ஒத்தது. ஓட்டிஸ் போன்ற சிறிய, இறுக்கமான புயல் மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும்போது, முகம் சொல்வதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடையே வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது. கிழக்குப் பசிபிக்கில் விமானங்கள் செல்வது அபூர்வம். கடலில் மிதவைக் கருவிகளும் குறைவு. மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா தன் வழக்கமான விமான ஆய்வை 1987-இல் நிறுத்திவிட்டது.

ஓட்டிஸோடு ஒப்பிட, அதற்கு மறுவருஷம் வந்த 'மில்ட்டன்' சூறாவளியைச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6, 7 தேதிகளில், மெக்ஸிகோ வளைகுடாவில் அது ஏறக்குறைய ஓட்டிஸின் வேகத்திலேயே வலுத்து ஐந்தாம் படியைத் தொட்டது. மயாமியின் தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுக்கு மேல் வானிலை கூறிவந்த ஜான் மொராலெஸ், பத்து மணி நேரத்தில் ஐம்பது மில்லிபார் அழுத்தம் வீழ்ந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது தொண்டை அடைத்து, கண்ணீர் பெருகிப் பேச முடியாமல் நின்றார். எண்களின் அர்த்தம் தெரிந்த ஒருவருடைய கண்ணீர் அது. ஆனால் அந்த எண்கள் அவருக்குக் கிடைத்தன. விமானங்கள் ஒன்று மாற்றி ஒன்றாக அந்தப் புயலுக்குள் போய்வந்தபடியால் கிடைத்தன. கரையேறுவதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசமும் இருந்தது. லட்சக்கணக்கானோர் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையை விட்டு வெளியேறினார்கள். 9-ஆம் தேதி இரவு அது மூன்றாம் படிக்குத் தணிந்து சியஸ்டா கீ என்ற இடத்தில் கரையேறியபோது, கடல் ஏறிய வீடுகள் பல காலியாக இருந்தன. அவகாசம் இருந்தது அதிருஷ்டம். அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், உள்ளே போய் அளந்து வரும் ஏற்பாடு.

அளந்து சொன்னாலும் ஜனங்கள் அதை எவ்விதம் புரிந்துகொள்கிறார்கள் என்பது வேறு கஷ்டம். 2004 ஆகஸ்ட் 13-ஆம் தேதி 'சார்லி' சூறாவளி டாம்பா நகரத்துக்குப் போகும் என்று எல்லாரும் வரைபடத்தின் நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, அது சிறிது வலப்பக்கம் திரும்பி, சில மணி நேரத்துக்குள் இரண்டாம் படியிலிருந்து நான்காம் படிக்கு உயர்ந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கேயுள்ள புன்டா கோர்டாவை நொறுக்கியது. அந்த ஊர் எச்சரிக்கை எல்லைக்குள்ளேதான் இருந்தது. கோட்டைச் சுற்றி வரையப்படும் கூம்பு, புயலின் மையம் மூன்றில் இரண்டு பங்கு சந்தர்ப்பங்களில் அந்தப் பரப்புக்குள் செல்லும் என்பதை மட்டுமே கூறுகிறது. காற்றும் நீரும் அதற்கு வெளியே எட்டாது என்று அது வாக்குறுதி அளிப்பதில்லை. தவிரவும், உயிரைக் குடிப்பது பெரும்பாலும் காற்றல்ல. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் சூறாவளிகளால் நேரடியாக மாண்டவர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேரைக் கொன்றது நீர். அவர்களிலும் பெரும்பகுதியினர் கடல் ஏறியதால் மாண்டார்கள். ஆயினும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் காற்றின் வேகத்தையே பெரிய எழுத்தில் போடுகின்றன. இந்தப் பழக்கத்தை நாம், பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள், மாற்றிக்கொள்வது நல்லது.

எப்போதும் மோசமானதையே எதிர்பார்த்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டால் போகிறது என்று சொல்வதும் சரியாகாது. கத்ரீனாவின் கோரம் கண்முன் நிற்க, மூன்றே வாரம் கழித்து ரீட்டா வந்தபோது, ஹூஸ்டன் பிரதேசத்திலிருந்து இருபது லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் ஒரே சமயத்தில் சாலைகளில் திரண்டார்கள். கடும் வெயிலில், எரிபொருள் தீர்ந்து, அசைய வழியின்றி நின்றுபோன வாகனங்களில் பலர் இறந்தார்கள்; முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து வந்த பஸ் தீப்பற்றி எரிந்து இருபத்துமூன்று பேர் மாண்டார்கள். புயலோ கிழக்கே லூயிசியானா எல்லையை ஒட்டிச் சென்றுவிட்டது. கணிப்பு கூர்மையடைவதன் பிரயோஜனம் போக வேண்டியவர்களைப் போகச் செய்வது மட்டுமல்ல. இருக்கலாம் என்பவர்களை நிம்மதியாக இருக்கச் செய்வதும் அதில் அடக்கம். இவ்விஷயத்தில் கியூபா நமக்குக் காட்டும் முன்மாதிரி சிலாக்கியமானது. 1963-இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட 'ஃப்ளோரா'வுக்குப் பிறகு, தெருவுக்குத் தெரு யார் நடக்க இயலாதவர், யார் கர்ப்பிணி, யாரை எந்த வீட்டுக்கு அழைத்துப் போவது என்பதையெல்லாம் உள்ளூர்க்காரர்களே அறிந்து வைத்திருக்கும் ஏற்பாட்டை அங்கே வளர்த்தார்கள். 2004-இல் 'ஐவன்' வந்தபோது இருபது லட்சம் பேர் வரை இடம் பெயர்க்கப்பட்டார்கள். அத்தீவில் ஓர் உயிர் போகவில்லை. வின்யெஸ் பாதிரியாருடைய நாட்டுக்கு இது பெருமை.

பணக்கார தேசமானாலும் இந்தக் காரியத்தில் அறிவு பிறழ்வது எளிது என்பதற்குப் பழைய சரித்திரம்தான் தேடவேண்டும் என்பதில்லை. 2025 ஜூன் மாதம், மேகத்தை ஊடுருவிப் புயலின் உள்ளமைப்பைக் காட்டும் நுண்ணலைக் கருவிகள் தாங்கிய இராணுவச் செயற்கைக்கோள்களின் தகவல்கள் இனி வெளியாருக்குத் தரப்படமாட்டா என்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. இரவு நேரத்தில் ஒரு புயல் திடீரென்று வலுப்பதை முதலில் காட்டிக்கொடுப்பவை அந்தத் தகவல்கள்தான். உலகெங்கும் வானிலை அறிஞர்கள் ஆட்சேபித்த பிறகு அந்தத் தேதி தள்ளிப்போடப்பட்டு, பின்னர் முடிவே கைவிடப்பட்டது. அவ்வருஷத் தொடக்கத்தில் நோவா நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. புயலைப் பார்த்துச் சொல்லும் தொழில், லாபநஷ்டக் கணக்கில் அடங்காத பொதுத் தர்மம்; அதைச் சுருக்கியவர்கள் சுருக்கிய வருஷத்திலேயே பலனை அநுபவிப்பதில்லை என்பதால்தான் அதில் கைவைப்பது சுலபமாகத் தோன்றுகிறது.

நம்முடைய கடலுக்கும் இந்த விசாரம் அந்நியமானதல்ல. 2017 நவம்பர் 29-ஆம் தேதி குமரிமுனைக்கு அருகில் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் 'ஒக்கி' என்னும் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வல்லவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யச் சென்றிருந்தவர்கள், எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன. நமது வானிலைத் துறையின் திறமையைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடாகும். 1999-இல் ஒடிசாவில் பத்தாயிரம் உயிர்போன அதே கரையில், 2013-இல் 'பைலின்' வந்தபோது சரியான கணிப்பினாலும் பெருமளவு வெளியேற்றத்தினாலும் மரணங்கள் சில பத்துகளுக்குள் அடங்கின. ஒக்கிக்குப் பிறகு, செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. ஆனால் வங்காள விரிகுடாவிலோ அரபிக்கடலிலோ உருவாகும் புயலுக்குள் வழக்கமாக விமானம் அனுப்பி அளக்கும் ஏற்பாடு இன்றளவும் நம்மிடம் இல்லை. டிவோராக்கின் முறையும், கரையோர ராடார்களும், கடலில் ஆங்காங்கே மிதக்கும் கருவிகளுமே நமக்கு ஆதாரம். ராடாரின் பார்வையோ புயல் கரையை நெருங்கிய பிறகே அதன்மேல் படுகிறது.

நம்மைவிட மிகச் சிறிய தைவான் 2003 முதல், தன்னை நோக்கி வரும் புயல்களைச் சுற்றி விமானத்தைப் பறக்கவிட்டுக் குழாய்க் கருவிகளை இறக்கி வருகிறது. ஹாங்காங்கும் அதைச் செய்கிறது. சந்திரனுக்குக் கலம் அனுப்பிய தேசத்துக்கு இது சக்திக்கு மீறிய செலவு என்று யாரும் வாதிட முடியாது. நமது இரு கடல்களுக்குமாகக் குறைந்தது இரண்டு ஆய்வு விமானங்களை வாங்கி, ஒன்றைச் சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ நிறுத்தி, அவை அளந்து வருவதை அந்தக் கணமே இலங்கைக்கும் வங்காளதேசத்துக்கும் மியான்மருக்கும் தடையின்றித் தருவது என்ற நிபந்தனையோடு இப்பணியைத் தொடங்க வேண்டும். இதற்கான நிதியை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும் என்று கடலோரத் தொகுதிகளிலிருந்து சென்ற பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி பேதம் பாராமல் கேட்கவேண்டும். விமானத்தை வாங்கிக் கருவிகளைப் பொருத்தி, புயலுக்குள் பறக்கத் தெரிந்த ஒரு குழுவைப் பழக்கி எடுப்பதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும்.